நான்காவது வளையம்

2019 அக்டோபர் 16, புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, வியட்நாமின் குவாங்பின் மாகாணத்தில் கே லாங் கிராமத்துப் பாலத்தின் அளவுகோலில் ஆற்று நீர் இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் இருந்தது. ஏழு மணிக்கு இரண்டு மீட்டர் எழுபது.

பாலத்திலிருந்து நானூறு மீட்டர் தள்ளி, பாக்கு மரங்களுக்கும் தாமரைக் குட்டைக்கும் நடுவில் லுவோங்கின் புது வீடு நின்றது. அதை வரைந்தவள் அவருடைய மகள் குயென். டோங்ஹோய் நகரத்தில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். முந்தின நாள் மாலை கடைசிப் பேருந்தில் வந்து இறங்கியிருந்தாள். வீட்டில் அப்பாவும், அண்ணன் மனைவி தோவாவும் இருந்தார்கள். தோவாவுக்கு ஏழாம் மாதம். அண்ணன் தெற்கே ஒரு செருப்புத் தொழிற்சாலையில் இருந்தான்.

ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் மரச்சட்டம், அதன் அடியில் கட்டிய நாற்பது நீல டிரம்கள், மேலே மூங்கில் வீடு. நான்கு மூலைகளிலும் தரையில் ஆழமாகப் புதைத்த இரும்புத் தூண்கள். வீட்டின் மூலைகளில் இருந்த இரும்பு வளையங்கள் அந்தத் தூண்களைச் சுற்றி நின்றன. வெள்ளம் வந்தால் வீடு தூண்களைப் பிடித்தபடி மேலே போக வேண்டும், வடிந்தால் அதே இடத்தில் இறங்க வேண்டும். சுவர்கள் எல்லாம் மூங்கில் தட்டிகள், கயிற்றால் கட்டியவை. கோடையில் கிழக்குத் தட்டிகளைக் கழற்றிவிட்டால் குட்டைக் காற்று நேராக உள்ளே வரும். மேற்கே லாவோஸ் பக்கமிருந்து அடிக்கும் அனல் காற்றைத் தடுக்க இரட்டைத் தட்டி வைத்து, வெளியே பீர்க்கங்கொடி படர விட்டிருந்தாள். கூரையில் கப்பியால் இழுத்துத் திறக்கும் பெரிய காற்றுக் கதவு ஒன்று. ஜூன் மாதம் முழுக்க அந்த வீட்டில் மின்விசிறி ஓடவில்லை. குழந்தை பிறந்ததும் நான்கு கயிறுகளை அவிழ்த்து ஓர் அறையை இரண்டாக்கிக்கொள்ளலாம்.

இவையெல்லாம் நன்றாக வேலை செய்தன. ஒன்றை மட்டும் இதுவரை யாரும் பார்க்கவில்லை. வீடு மிதக்குமா என்பது.

குயென் விடிந்ததிலிருந்து நான்கு வளையங்களுக்கும் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை தடவி முடித்து, மூன்றாவது முறையாக முதல் தூணுக்குத் திரும்பியிருந்தாள். வளையத்துக்கும் தூணுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதிகம் விட்டால் புயலில் வீடு ஆடும். குறைத்தால் இறுகும். அலுவலகத்தில் மூத்த பொறியாளர் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லியிருந்தார், எடைகள் மட்டும் பட்டியலில் உள்ள இடத்திலேயே இருக்க வேண்டும் என்று.

பட்டியல் நடுக்கட்டுத் தூணில் ஆணியடித்துத் தொங்கியது. மார்ச் மாதம் அப்பாவை உட்கார வைத்து எழுதியது. முன்னோர் பீடம் அறுபது கிலோ, நடுவில். நெல் பன்னிரண்டு மூட்டை, கிழக்கில் ஆறு, மேற்கில் ஆறு. தையல் மிஷின், கட்டில்கள், அரிசிப் பானை. "பன்றிக்கு இன்னைக்கு எடையா, அக்டோபர் எடையா?" என்று அப்பா கேட்டு அன்று அவளைச் சிரிக்க வைத்திருந்தார்.

ஏழரைக்குப் பக்கத்து வீட்டு ஹோய் தாழ்ந்த பாதையில் முழங்கால் நீரில் நடந்து வந்தார். அறுபது வயது, தனி ஆள். அவருடையது செங்கல் வீடு, ஓட்டுக் கூரை. கூரைக்கு அடியில் கே லாங்கின் எல்லா வீடுகளிலும் இருப்பது போல ஒரு மச்சு. வெள்ளம் வந்தால் ஊரே அங்கேதான் ஏறும்.

"என்ன குயென், கப்பல் எத்தன மணிக்குக் கெளம்புது?"

"நீங்களும் ஏறிக்கலாம் சித்தப்பா. உங்க எடைக்கும் எடம் விட்டிருக்கேன்."

"எனக்கெதுக்கும்மா? போன புயலுக்கப்புறம் ஓட்டு மேல தகரம் போட்டு, கம்பியால முறுக்கிக் கட்டியாச்சு. ஒரு ஓடு அசையாது. நான் பாட்டுக்கு ராஜா மாதிரி மச்சுல உக்காந்திருப்பேன். உன் கோழிக்கூண்டு கடலுக்குப் போச்சுன்னா வரும்போது கணவா மீனு வாங்கிட்டு வா."

தோவா சமையல் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா தோவா, வயித்துப் புள்ளையோட இதுலயா இருக்கப் போற? என் மச்சுக்கு வந்துரு."

"உங்க ஏணில நான் ஏறுனா அப்புறம் ஏணி இருக்காது சித்தப்பா."

ஹோய் சிரித்தார். பிறகு லுவோங்கைப் பார்த்து, "என்னண்ணே, சொல்லிட்டீங்களா?" என்றார். லுவோங் தலையை லேசாக ஆட்டினார், இல்லை என்பது போல. ஹோய் திரும்பி நடந்தார். குயென் அதைப் பார்த்தாள். தகரத்தைப் பற்றித்தான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருடங்களுக்கு முன், இதே அக்டோபரில், அவளுடைய அம்மா அப்படி ஒரு மச்சில் இறந்துபோனாள். தண்ணீர் மச்சை எட்டியபோது கூரை ஓட்டை உடைக்க அவளிடம் ஒன்றும் இல்லை. அந்த வாரம் கே லாங்கில் பதினோரு சாவு. சுற்று வட்டாரத்தில் எங்கும் சவப்பெட்டி கிடைக்கவில்லை. கதவுப் பலகைகளைச் சேர்த்து ஆணியடித்து அதில் வைத்துப் புதைத்தார்கள். குயென் அப்போது கல்லூரியில் முதல் வருடம். அதற்குப் பிறகு அவள் வரைந்த எந்த வீட்டிலும் மச்சு இல்லை.

"சித்தப்பா," என்று கூப்பிட்டாள். "கடப்பாரையாவது மேல எடுத்து வச்சுக்குங்க."

"சரிம்மா, சரிம்மா," என்று அவர் திரும்பாமலே கையை ஆட்டினார்.

எட்டரைக்குத் தண்ணீர் டிரம்களைத் தொட்டது. ஒன்பதுக்கு டிரம்களில் பாதி. வீட்டுக்கு அடியில் ஏதோ பெரிய விலங்கு புரண்டு படுப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பன்றி கத்தத் தொடங்கியது. தோவா கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மின்சாரம் ஏற்கெனவே போயிருந்தது. கூரைத் தகட்டிலிருந்து வரும் சூரிய மின்சாரத்தில் ஒரே ஒரு சின்ன விளக்கு, மழை இருட்டில், எரிந்தது.

ஒன்பது நாற்பதுக்கு வீடு தரையை விட்டது. குயெனுக்கு அது கால் வழியாகத் தெரிந்தது. தரை மிக லேசாக, மூச்சு இழுப்பது போல, மேலே வந்தது. கிழக்கு மூலை இரண்டிலும் வளையம் தூணில் உரசி வழுக்கும் சத்தம். பிறகு தென்மேற்கில். அவள் காத்திருந்தாள்.

நான்காவது சத்தம் வரவில்லை.

ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். குமிழி நடுவில் நிற்காமல் தென்கிழக்குப் பக்கம் ஓடியது. வடமேற்கு மூலை இறங்கியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குமிழி இன்னும் நகர்ந்தது. மூன்று மூலைகள் தண்ணீரோடு ஏற, நான்காவதைத் தூண் பிடித்து வைத்திருந்தது. ஏற ஏறச் சாய்வு கூடும், சாயச் சாய வளையம் இறுகும். இன்னும் இரண்டு மீட்டர் தண்ணீர் வரும் என்று காலையில் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள். வீடு தட்டு சாய்வது போலச் சாய்ந்து எல்லோரையும் அந்த மூலையில் கொட்டிவிடும்.

"அப்பா, வடமேற்கு மூலையில என்ன இருக்கு?"

"பாய் இருக்கு. பீர்க்கங்கா."

"என்னமோ இருக்குப்பா."

குயென் அந்த அறைக்குள் போனாள். தரையில் ஏற்கெனவே கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் ஊறியிருந்தது. பாய்களை இழுத்துப் போட்டாள். காய்ந்த பீர்க்கங்காய்கள் உருண்டன. அடியில், சுவரோரமாக, பலாமரச் சவப்பெட்டி இருந்தது. மெருகு போட்டுப் பளபளவென்று இருந்தது. நூற்றெழுபது கிலோவுக்குக் குறையாது.

அது அவளுக்குத் தெரியும். அப்பா ஐந்து வருடங்களுக்கு முன் தனக்காகச் செய்துவைத்தது. வயதானவர்கள் முன்கூட்டியே பெட்டி செய்து வீட்டில் வைத்துக்கொள்வது கே லாங்கில் புதிதல்ல. பழைய வீட்டை இடித்தபோது அது ஹோய் மச்சுக்குப் போனது, அங்கேயே இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். வீட்டுக்குக் கணக்குப் போடும் நாளில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. அதனால்தான் பட்டியலில் பன்றி இருந்தது, இது இல்லை.

"முந்தாநேத்து ஹோய் கொண்டாந்து குடுத்துட்டான்," என்றார் லுவோங் வாசலில் நின்று. "மச்சுல எடம் வேணுமாம் அவனுக்கு. நாலு பேரு தட்டியக் கழத்தி உள்ள வச்சாங்க. பட்டியல்ல பாத்தேன், இந்த மூலையிலதான் ஒண்ணும் எழுதல. சும்மாத்தான இருக்குன்னு..."

"சும்மா இருக்கறதுக்குத்தான்பா விட்டிருந்தேன்."

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் மூன்று பேரும் எதிர் மூலைக்குப் போய் நின்றார்கள். பன்றியையும் இழுத்து வந்தார்கள். குமிழி அசையவில்லை. குயென் சுத்தியலால் தூணில் அடித்தாள், பத்து, இருபது தடவை. வளையம் அசையவில்லை. தண்ணீர் அந்த மூலையில் அவள் முழங்காலுக்கு வந்திருந்தது.

"தட்டியத் தெறந்து வெளிய தள்ளிரலாம்," என்றாள் தோவா. "இப்பவே."

"அந்தத் தட்டியத் தொறந்தா ஆறு உள்ள வந்துரும் அண்ணி. மூலை தண்ணிக்குக் கீழ இருக்கு."

"தள்ளவும் விட மாட்டேன்," என்றார் லுவோங். குரல் உயரவில்லை. "உங்கம்மாவ எதுல வச்சுப் புதைச்சோம்னு ஒனக்குத் தெரியும். கதவுத் தாழ்ப்பா கூடக் கழத்தல அதுல."

"வேற எடத்துக்கு இழுக்கலாம்ப்பா. அந்தப் பக்க மூலைக்கு முடியாது, தரை மேடாயிருச்சு. ரெண்டு கப்பி இருக்கு. கட்டி இழுக்கற மாதிரி தூணு நடுவுல மட்டுந்தான் இருக்கு. நடுக்கட்டு வரைக்கும் இழுத்துரலாம். நடுவுக்கு வந்துட்டா போதும்."

மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

தோவாதான் முதலில் பேசினாள். "நடுவுலயா?"

"ஆமா அண்ணி."

"வேணாம் குயென். பீடத்துக்கு முன்னாடி பெட்டி வர்றது எப்பன்னு ஒனக்குத் தெரியாதா? ஆளு உள்ள இருந்தாத்தான் அது நடுவுக்கு வரும். காலிப் பெட்டிய நடுவுல வச்சா அது ஆளத் தேடும். இந்த வீட்டுல இன்னும் பேரு வைக்காத ஒரு உசுரு இருக்கு."

"அண்ணி, இது கணக்கு. எடை நடுவுல இருந்தா..."

"ஒன் கணக்குல இது இருந்துச்சா?"

தோவா போய்ப் பீடத்தின் முன்னால் நின்றுகொண்டாள், கைகளை இரண்டு பக்கமும் விரித்தபடி. தரை சாய்ந்திருந்ததால் ஒரு காலை மடக்கித்தான் நிற்க முடிந்தது. பின்னால் மாமியாரின் புகைப்படம் கண்ணாடிச் சட்டத்தோடு மெதுவாக வழுக்கி வந்து பீடத்தின் ஓரத்தில் நின்றது. எங்கோ அடியில் ஒரு டிரம்மின் கயிறு அறுந்து, டிரம் தரைப் பலகையில் டொம் டொம்மென்று முட்டத் தொடங்கியது.

லுவோங் தலைப்பாகைத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"காலியா இருந்தாத்தான தேடும்?" என்றார். "மூடியத் தெற. நான் படுத்துக்கறேன்."

"அப்பா."

"என்னுதுதான அது? என் அளவுக்குத்தான செஞ்சேன்? ஆளு உள்ள இருக்கான். அது யாரயும் தேட வேணாம். எடை என்ன, அம்பத்திரெண்டு கிலோ. ஒன் பட்டியல்ல ஏற்கெனவே எழுதியிருக்க." தோவாவைப் பார்த்தார். "சரியாம்மா?"

தோவா பீடத்திலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கைகளை இறக்கினாள். "மூக்குக்கு எடம் விட்டு மூடு குயென்," என்றாள்.

கூரைக் காற்றுக் கதவிலிருந்து இரண்டு கப்பிகளையும் கயிற்றையும் குயென் கழற்றினாள். கயிறு ஈரமாக இருந்ததால் முடிச்சு இரண்டு முறை நழுவியது. நடுக்கட்டுத் தூணில் ஒரு கப்பி, பெட்டியின் கைப்பிடியில் ஒரு கப்பி. அப்பா தண்ணீரில் நின்றபடி பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே வைத்து, மல்லாந்து படுத்தார். மெருகு வாசம் வந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார். பிறகு, மூடியிருப்பது சரியில்லை என்று நினைத்தவர் போலத் திறந்துகொண்டார்.

"கண்ணத் தெறந்தே வைங்கப்பா," என்றாள் குயென், முகத்தை மட்டும் விட்டு மூடியை மேலே தள்ளியபடி.

"தெறந்துதான் வச்சிருக்கேன். இழு."

அவள் இழுத்தாள். பெட்டி ஒரு சாண் வந்தது. இன்னொரு சாண். ஈரப் பலகையில் அது கிறீச்சிடும்போதெல்லாம் தோவா காதைப் பொத்தினாள். அறை வாசலைத் தாண்டத் தட்டி ஒன்றைக் கழற்ற வேண்டியிருந்தது. நான்கு கயிறுகள், குழந்தைக்காக அவிழ்க்கவேண்டிய கயிறுகள் அவை. பிறகு நடுக்கட்டுத் தரை. தூணுக்கு ஒரு முழம் இருக்கும்போது வடமேற்கு மூலையில் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. வீடு முழுவதும் ஒரு பக்கமாகத் துள்ளியது. தோவா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெல் மூட்டை ஒன்று உருண்டது. குயென் கயிற்றை விடவில்லை. வளையம் வழுக்கும் சத்தம் வந்தது, நீளமாக, மேலே வரைக்கும்.

ரசமட்டத்தைத் தேடி எடுத்தாள். குமிழி நடுவுக்குப் பக்கத்தில் நின்றது. மணி பதினொன்று ஐந்து.

அதன் பிறகு செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை, காத்திருப்பதைத் தவிர. வீடு தண்ணீரோடு ஏறிக்கொண்டிருந்தது. பாக்கு மரங்கள் ஜன்னலுக்கு வெளியே கீழே இறங்கிக்கொண்டிருப்பது போலத் தெரிந்தது. பெட்டி பீடத்துக்கு நேர் முன்னால் இருந்தது. லுவோங் எழுந்திருக்கவில்லை. எழுந்திரிங்கப்பா என்று குயென் ஒருமுறை சொன்னாள். தோவா அவரைப் பார்த்தாள். அவர் படுத்தே இருந்தார்.

பன்னிரண்டுக்கு ஹோய் வீட்டுப் பக்கமிருந்து குரல் கேட்டது. "கப்பல் ஓடுதாடி?" என்று கேட்பது போல இருந்தது. மழையில் சரியாகப் புரியவில்லை. குயென் ஜன்னலில் நின்று கத்தினாள். அவருடைய கூரை மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. தகரம் பளபளத்தது.

ஒரு மணிக்கு இரும்பு எதன் மீதோ மோதும் சத்தம் வந்தது. அடிக்கடி வந்தது. அடித்து, நின்று, மறுபடி அடித்தது.

"என்ன சத்தம்?" என்றார் லுவோங் பெட்டிக்குள்ளிருந்து.

"ஹோய் சித்தப்பா ஓட்ட ஒடைக்கிறாரு."

"தகரம் போட்டிருக்கானே."

"ஆமா."

அவர்களிடம் படகு இல்லை. இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருபது மீட்டர், பழுப்பு நீர், அதில் வாழை மரங்களும் ஒரு கட்டிலும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. குயென் கப்பிக் கயிற்றைச் சுருட்டி வீசிப் பார்த்தாள். பாதி தூரம்கூடப் போகவில்லை. ஊராட்சி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் நான்கு முறை முயன்றாள். ஐந்தாவது முறை எடுத்தவர் படகு வேறு தெருவில் இருக்கிறது என்றார்.

இரண்டு மணிக்குப் பிறகு சத்தத்துக்கு நடுவே இடைவெளி நீளமானது. பெட்டிக்குள் மரச்சுவர் காதை மறைத்ததால் லுவோங்குக்கு வெளிச்சத்தம் சரியாக எட்டவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவர் கேட்டார்.

"அடிக்கிறானா?"

"அடிக்கிறாருப்பா," என்றாள் தோவா.

குயென் ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். நூறு எண்ணினாள். இருநூறு. முந்நூறு வரை போனாள்.

"அடிக்கிறானா தோவா?"

"அடிக்கிறாரு."

குயென் திரும்பிப் பார்த்தாள். தோவா பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் விளிம்பில் ஒரு கையை வைத்திருந்தாள். மறு கை வயிற்றில் இருந்தது. அவள் குயெனைப் பார்க்கவில்லை.

நான்கு மணிக்குப் பாலத்து அளவுகோல் தண்ணீருக்குள் போயிருந்தது. ஊராட்சி பிறகு கணக்கிட்டது ஆறு மீட்டர் எழுபது. நாலேகாலுக்கு மேல் ஏறவில்லை. அதுவரை லுவோங் ஐந்து மணி நேரம் பெட்டியில் படுத்திருந்தார். எழுந்தபோது கால்கள் மரத்திருந்தன, குயென் பிடித்துத் தூக்கினாள். அவர் ஜன்னலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டைப் பார்த்தார். தகரம் தண்ணீருக்கு அடியில் இருந்தது.

வீடு மூன்று மீட்டர் பத்து சென்டிமீட்டர் உயர்ந்து, வெள்ளிக்கிழமை காலை தரையில் இறங்கியது. வடமேற்கு வளையத்தில் ஒரு பற்றவைப்பு விட்டிருந்தது. மற்றவை சரியாக இருந்தன. அன்று மதியம் ஹோய் வீட்டுத் தகரத்தை வெட்டித் திறந்து அவரை இறக்கினார்கள். கையில் கடப்பாரை இருந்தது. சுற்றிலும் ஏழு கிராமங்களில் சவப்பெட்டி கிடைக்கவில்லை. சனிக்கிழமை அவரை லுவோங்கின் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள். டிசம்பர் 21-ஆம் தேதி தோவாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, இரண்டு கிலோ தொள்ளாயிரம்.